மேல் குழாய் ஐம்பத்தைந்தரை

சுவரோரம் நில்லுங்கள் என்றால் ஆண்கள் எல்லாரும் முதலில் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். வயிற்றுக்கும் சைக்கிள் அளவுக்கும் சம்பந்தமில்லை என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள், யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் பட நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே செருகி, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுந்துமோ அப்படி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் அவள் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கால் அளவு. பிறகு உடம்பு, பிறகு கை, பிறகு தோள். நாலையும் அளவு நோட்டில் எழுதிப் பக்கத்தில் பெயரும் தேதியும் போட்டு உள்ளே கொடுத்தால், உள்ளே இருப்பவர் இரும்புக் குழாய்களை அறுக்க ஆரம்பிப்பார்.

உள்ளே இருப்பவர் அவள் கணவர். சைக்கிள் ஃபிரேம் செய்கிறவர். கடைக்கு வந்துபோகிறவர்கள் மத்தியில் அவருக்கு 'மில்லி' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் குடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் குடிப்பதில்லை. பேசுவதெல்லாம் மில்லிமீட்டரில். "அரை மில்லி போச்சு" என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கான சைக்கிள்தான் அவர் செய்வது. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு ஆளுக்கென்று செய்வார்.

அவள் அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சீருடை தைத்தவள். எதிரே நடந்துவருகிற ஆளுடைய தோள் அகலத்தைத் தெருவின் அந்தக் கோடியிலேயே சொல்லிவிடுவாள். சைக்கிளில் மாட்டுகிற கான்வாஸ் பைகள் தைக்கக் கொடுக்க வந்தவர்தான் மில்லி. பை நாலு ஜோடி ஆயிற்று, ஆறு ஜோடி ஆயிற்று. ஏழாவது ஜோடிக்கு வந்தபோது, தன் மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். அவளுக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே கல்யாண வயது போய்விட்டிருந்தது. இரண்டு பேருமாகப் போய் ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். இப்போது நாலு வருஷம்.

வருஷத்துக்கு ஒருமுறை, காற்று தெற்கே திரும்புவதற்கு முன்னால், அவர் மூன்று வாரம் சைக்கிளில் போவார். முன்பு மனைவியோடு போனவர். அந்த மனைவி இறந்தபின் தனியாகப் போனார். இவளைக் கட்டிக்கொண்ட பிறகும் தனியாகத்தான் போனார். இவள் கடையைப் பார்த்துக்கொள்வாள். அந்த மூன்று வாரமும் சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு ஆளுக்குச் சமைத்து, ரேடியோவைப் போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் தனியாக இருந்ததைவிட அது கடினமாக இருந்தது. ஏன் என்று யாரிடமும் கேட்கிற விஷயமில்லை.

இந்த வருஷம் இவள் கேட்காமலே அவர் இவளுக்கு ஒரு ஃபிரேம் செய்தார். ஒன்றரை மாதம். வாடிக்கையாளர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தார். அவர் தங்கைதான் ஃபிரேம்களுக்குப் பெயின்ட் அடிப்பவள். அவள் நீல நிறம் அடித்து, மூட்டுகளின் ஓரத்தில் மெல்லிசாக வெள்ளைக் கோடு இழுத்திருந்தாள். பார்க்க அவ்வளவு அழகு.

"வர்ற திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை கெளம்பறோம். அதுக்குள்ள நல்லா ஓட்டிப் பழகு" என்றார் மில்லி.

'கெளம்பறோம்' என்று சொன்னார். அதை அவள் நாலைந்து நாள் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் உடம்பு பழகவில்லை. ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப்போயின. கழுத்து பிடித்தது. ஹேண்டில் எங்கேயோ இருந்தது. சீட்டைத் தாங்குகிற கம்பியை இருக்கிற மட்டுக்கும் வெளியே இழுத்துவிட்ட பிறகுதான் கால் நீண்டது. மில்லியிடம் சொன்னாள்.

"ஓட்ட ஓட்டச் சரியாயிடும். நீ சைக்கிள் ஓட்டியே எத்தனை வருஷமாச்சு."

"கை மரத்துப்போகுதுங்க."

"தோள இறுக்கிப் பிடிக்கிற. தளர விடு."

வேறு யாராவது கை மரத்துப்போகிறது என்று வந்தால், குறை உங்ககிட்ட இல்ல, ஃபிரேம்ல என்று சொல்லி, வண்டியைத் திருப்பி வாங்கிப் பார்க்கிற ஆள் அவர். அது அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை. தன் உடம்பைத்தான் குறைப்பட்டுக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் புதிதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். பழகாவிட்டால் அவர் தனியாகப் போவார். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். சரி, நீ இரு என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

புதன்கிழமை காலையில் தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது. முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவர், இப்போது கடிதம் இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய கால் அளவு எழுபத்தொன்பது சென்டிமீட்டர். அந்த அளவுக்கு, ஓட்டிப் பார்ப்பதற்கென்றே கடையில் மூன்று வண்டிகள் இருந்தன. மூன்றும் ஒரே அளவு: சீட்டைத் தாங்குகிற சீட்டுக் குழாய் ஐம்பத்திரண்டு, சீட்டிலிருந்து ஹேண்டில்வரை போகிற மேல் குழாய் ஐம்பத்து மூன்று. குழாயின் கனம்தான் வேறு. ஒன்று மெல்லிசு, இரண்டு நடுத்தரம், மூன்று தடிமன். பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிற அடிப்பூச்சோடு, சாக்பீஸால் நம்பர் போட்டு நிற்கும்.

தபால்காரர் மூன்றையும் தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கு அண்ணே?"

"ஒண்ணாம் நம்பர் துள்ளுது தங்கச்சி. கால வச்சதும் வா போலாம்ங்குது. மூணாம் நம்பர் எங்க போஸ்ட்மாஸ்டர் மாதிரி. என்ன சொன்னாலும் அசையறதில்ல."

"ரெண்டு?"

"ரெண்டு ஒண்ணும் சொல்லல. அதான் யோசிக்கிறேன். ஒண்ணையே குடுத்துடு."

"வெறும் வண்டிய ஓட்டிட்டு முடிவு பண்ணாதீங்க. சுமை ஏத்தினா குணம் மாறும்."

"மனுசன் மாதிரிதான்னு சொல்லு."

"நான் சைக்கிளச் சொன்னேன். எந்த மனுசன நீங்க சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாது."

தபால்காரர் சிரித்தார். அவள் மணல் பைகளைக் கொண்டுவந்து கேரியரின் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது கிலோ மாட்டினாள். முதல் நம்பரில் போனவர் பாதித் தெருவிலேயே திரும்பி வந்தார்.

"பின்னாடி யாரோ சீட்டப் பிடிச்சு ஆட்டறாங்க."

"குழாய் மெல்லிசு. சுமைக்கு முறுக்கிக்கிது."

"நெஜமா முறுக்குதா, இல்ல என் உடம்பு நடுங்குதா? எனக்கு எப்படித் தெரியும்? நீ ஓட்டு, நான் பின்னால இருந்து பாக்கறேன். மூணையும் பாத்துட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அவர் கேட்டது நியாயம்தான். அவருக்கும் அவளுக்கும் ஒரே கால் அளவு. சீட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடையை நாத்தனாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற சாலை பதினோரு கிலோமீட்டர். முந்தின நாள் பெய்த மழையில் தார் கழுவிவிட்டாற்போல் இருந்தது. முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றாம் நம்பர். பின்னால் வந்த தபால்காரர் "ஆடுது, ஆடுது, தெரியுது" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பைகளைக் கழற்றி, அவர் ஓட்டிவந்த இரண்டாம் நம்பரில் மாட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நம்பர் சுமை ஏறியதும் பேச ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் குழாய் கொஞ்சம் வளைந்து கொடுத்து, உடனே நிமிர்ந்தது. நேராகப் போ என்றால் போயிற்று. மேட்டில் அழுத்தினால் அழுத்திய அளவுக்கு முன்னேறியது. காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் சின்னச் சின்ன அலைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. அக்கரையில் ஒரு லாரி சத்தமில்லாமல் நகர்ந்தது. இதையெல்லாம் தான் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்பதே அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. நீல வண்டியில் இதே சாலையில் நாலு தடவை வந்திருக்கிறாள். தாரைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை.

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

கடை வாசலில் இறங்கியதும் தபால்காரர் சொன்னார்: "மூணாம் நம்பரெல்லாம் வேண்டாம், ரெண்டுதான். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. முந்தா நாள் நீ நீல வண்டில போனதப் பாத்தேன். மேல் தட்டுல இருக்கற டப்பாவ எட்டறவ மாதிரி போய்க்கிட்டிருந்த. இதுல நாற்காலில உக்காந்திருக்க மாதிரி இருக்கற. ஏன்?"

"அது புதுசு அண்ணே. பழகணும்."

"அப்படியா" என்றார் தபால்காரர். கடிதம் கொடுத்துப் பழகியவர். உறையைப் பிரிக்கிற வழக்கமில்லை. அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு நீல வண்டியிடம் போனாள். சீட்டுக் குழாய் நாற்பத்தொன்பது. மேல் குழாய் ஐம்பத்தைந்தரை. மறுபடி அளந்தாள். டேப்பில் தவறில்லை.

கால் குட்டை, உடம்பு நீளம், கையும் நீளம். அப்படிப்பட்ட ஒருத்திக்கு இது கச்சிதமான ஃபிரேம். அந்த ஒருத்தி அளவில் ஒரு ரவிக்கைகூட அவளால் வெட்டிவிட முடியும். தையல்காரியின் கண்ணுக்கு ஆளே எதிரில் நிற்பது போலிருந்தது. அந்த ஆள் அவள் இல்லை. அவளுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை.

யாருடைய அளவையோ மாற்றிப் பார்த்துச் செய்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். வேலை நெருக்கடியில் நடக்கக்கூடியதுதான். அளவு நோட்டுகள் அலமாரியில் வருஷ வாரியாக இருந்தன. இந்த வருஷத்தில் அந்த அளவு இல்லை. போன வருஷத்திலும் இல்லை. பின்னோக்கிப் போனாள். அடியில் இருந்த நோட்டில், பதினேழு வருஷத்துக்கு முந்தைய தேதியில், மில்லியின் கையெழுத்தில் இருந்தது. கால் எழுபத்து நாலு. சீட்டுக் குழாய் நாற்பத்தொன்பது. மேல் குழாய் ஐம்பத்தைந்தரை. பக்கத்தில் எழுதியிருந்த பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் அவள் காதுபட உச்சரிப்பதில்லை. நல்லெண்ணத்தில்தான்.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நாத்தனார் முகத்துணியைக் கட்டிக்கொண்டு ஒரு ஃபிரேமை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீல வண்டிக்கு நீதான பெயின்ட் அடிச்ச?"

"ஆமா அண்ணி. ஏன், உரிஞ்சிடுச்சா?"

"அது யார் அளவு?"

தேய்க்கிற கை நின்றது. முகத்துணியைக் கீழே இறக்கினாள்.

"பெயின்ட் அடிக்கக் கொக்கில மாட்டினப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் நீ சொல்லல."

"எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. அண்ணன் ஒண்ணர மாசமா பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வேலை செஞ்சான். நான் அவனை அப்படிப் பாத்தே வருஷக்கணக்காச்சு. உங்களுக்குன்னு ஆசையாத்தான் செஞ்சான். அதுல பொய் இல்ல."

"பொய்யின்னு நான் சொல்லலையே."

"பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டா தெரியாமப் போயிடும்னு நெனச்சேன்" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு அவளுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போகலேன்னா நான் வந்து உங்ககூட இருக்கேன் அண்ணி, மூணு வாரமும். ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போலாம்" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இவள் போகவில்லை என்றே முடிவாகியிருந்தது.

சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. கடையை அடைத்துவிட்டுச் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும். மில்லி நகக்கண்ணில் இருந்த கரி போகாமல், முட்டையின் ஓட்டை மேசை விளிம்பில் தட்டி உரித்துக்கொண்டிருந்தார்.

"தபால்காரருக்கு ரெண்டாம் நம்பர் மாதிரி வேணுமாம்" என்றாள்.

"நல்ல முடிவு. சுமை ஏத்திக் காட்டினியா?"

"காட்டினேன். என் கால் அளவு என்னங்க?"

"எழுபத்து நாலு" என்றார். உரிக்கிற கை நிற்கவில்லை.

"என்னை எப்ப அளந்தீங்க?"

"உன்னப் போய் அளக்கணுமா? தெனம் பாக்கறேன்."

"எழுபத்தொம்பதுங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. முட்டையைத் தட்டில் வைத்தார். எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டார்.

"வா. சுவர்கிட்ட நில்லு."

நின்றாள். மற்றவர்களிடம் நீட்டுகிற புத்தகத்தை அவர் அவளிடம் நீட்டினார். வாங்கிச் செருகிக்கொண்டு உயர்த்திப் பிடித்தாள். அவர் மண்டியிட்டு டேப்பின் நுனியைத் தரையில் வைத்தார். ஒரு தடவை அளந்தார். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை பென்சில் கோடு போட்டுவிட்டு, அவளை நகரச் சொல்லிவிட்டு, வெறும் சுவரை அளந்தார்.

"எழுபத்தொம்பது" என்றார் சுவரிடம்.

எழுந்திருக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உச்சியில் முடி மெலிந்து, தலை தெரிந்தது. இவ்வளவு மேலேயிருந்து அவள் அவரைப் பார்த்ததில்லை.

"வேணும்னு செய்யல."

"தெரியும்."

"குழாய மாட்டற சட்டத்துல அளவு வைக்கிறப்ப நான் யோசிக்கவே இல்ல. கை தானா போய் வச்சுது. இவ்வளவு நாள் கழிச்சு..."

"அதுவும் தெரியும்."

வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டு, அழுது, சமாதானமாகியிருக்கலாம். கையோடு யார் சண்டை போடுவது?

"போன மாசம் ரெண்டு மில்லி கூடிப்போச்சுன்னு ஒரு குழாயத் தூக்கிப் போட்டீங்க" என்றாள். குத்திக்காட்டத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரலில் குத்தல் இல்லாமல் போய்விட்டது.

"ரெண்டு வாரம் தள்ளி வச்சா வேற செஞ்சிடறேன்."

"காத்து திரும்பிடும். நீங்கதான சொன்னீங்க."

"அப்ப இத அறுத்துப் போட்டுடறேன்."

"எதுக்கு? ஒட்டெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு. யாருக்காச்சும் சரியா வரும்."

"நீ வரலையா?"

அந்தக் கேள்வியில் பயம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அவள் கூர்ந்து கேட்டாள். இரண்டும் இருந்த மாதிரி பட்டது. வரவில்லை என்று சொன்னால் போதும். அவர் தனியாகப் போய், பழைய சாலைகளில் பழையபடி சுற்றிவிட்டு வருவார். இவள் ரேடியோ எதிரே உட்கார்ந்திருப்பாள். யார் மேலும் தப்பில்லை. இப்படியே இன்னும் இருபது வருஷம் போய்விடும்.

"வர்றேன். ரெண்டாம் நம்பர்ல."

"அது காட்டறதுக்கு வச்சிருக்கற வண்டி. பெயின்ட்கூட இல்ல. வர்றவன் போறவன் எல்லாம் ஓட்டினது."

"இருக்கட்டும். யாருக்குன்னும் செஞ்சதில்லதான அது?"

அவர் தரையில் கையை ஊன்றி எழுந்து, அளவு நோட்டை எடுத்து, இந்த வருஷத்துப் பக்கத்தில் தபால்காரருக்குக் கீழே அவள் பெயரையும் தேதியையும் எழுதினார். கால், எழுபத்தொன்பது. உடம்பையும் கையையும் அளக்கவும் கூப்பிட்டார். அவள் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். டேப் குளிர்ந்திருந்தது. அளந்து முடித்தபோது ரொட்டி காய்ந்துபோயிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். நாத்தனார் வாசல்வரை வந்து, சாம்பல் நிற வண்டியைப் பார்த்துவிட்டு, "ஒரு கோட்டாவது இழுத்துக் குடுத்திருப்பேன்" என்றாள். "வந்து இழுத்துக்கலாம்" என்றாள் இவள். அவள் தைத்த பைகள்தான் இரண்டு வண்டியிலும். ஊரைத் தாண்டும்வரை பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். லாரிகள் வரத் தொடங்கியதும் மில்லி முன்னால் போனார்.

நன்றாக ஓட்டினார். மேடு வந்தால் வேகத்தைக் குறைத்து, அவள் வந்து சேரும்வரை காலை மெதுவாகச் சுற்றினார். பள்ளம் இருந்தால் கையை நீட்டிக் காட்டினார். கால்மணிக்கொரு தரம் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தடவை திரும்பியபோதுதான் அவள் கவனித்தாள். அவர் பார்வை முதலில் அவள் ஹேண்டிலுக்குச் சற்று மேலே போய் விழுந்தது. நீண்டு குனிந்து ஓட்டுகிற ஒருத்தியின் முகம் இருக்கக்கூடிய உயரம் அது. அங்கே ஒன்றுமில்லை. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு ஒரு முழம் மேலேறி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு வந்தது. வந்ததும் அவர் புன்னகைத்தார், உண்மையான புன்னகைதான். திரும்பிக்கொண்டார்.

நாலாவது தடவையும் அப்படியே. ஐந்தாவதும்.

அவள் அதற்காகத் தன் தலையைத் தாழ்த்தவில்லை. வண்டி சுமையோடு சீராகப் போய்க்கொண்டிருந்தது. கைகள் மரத்துப்போகவில்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெளி, வெட்ட வெளி. மூன்று வாரம், ஒரு நாளைக்கு இருபது தடவை என்று வைத்தாலும் நானூறுக்கு மேல் திரும்புவார் என்று கணக்குப் போட்டாள். ஏதாவது ஒரு சாலையில், ஏதாவது ஒரு தடவை, அந்தப் பார்வை கீழே தங்காமல் நேராக வந்துவிடலாம். வராமலும் போகலாம். மில்லிமீட்டரில் அளக்கிற ஆளின் கண் எவ்வளவு நாளில் ஒரு முழம் உயரும் என்று எந்த நோட்டிலும் எழுதியில்லை.

அவர் மறுபடி திரும்பினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.